அரசமரம் போட்ட வழக்கு

அந்தக் காலத்தில் மரம் பேசினால் மனிதன் நின்று பதில் சொல்வான். அப்போது ஓடைப்பேட்டை ஊரே இல்லை, வெறும் மேடு. மேட்டின் நடுவில் ஓர் அரசமரம் மட்டும் நின்றது.

குதிரையில் ஒரு துரை வந்தார். மேடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு பக்கம் தனக்குப் பங்களா கட்டினார், இன்னொரு பக்கம் தபாலாபீஸ் கட்டினார். கடைசியில் கோர்ட்டு கட்ட இடம் தேடி அரசமரத்தடிக்கு வந்து, "இதை வெட்டு" என்றார்.

மரத்துக்குச் சுருக்கென்றது. "நேத்து வந்த ஆள் நீர். முந்நூறு வருஷமா நிக்கிறவன் நான். என் இடத்தை எடுக்க என்னை ஒரு வார்த்தை கேட்டீரா?"

நியாயஸ்தர் என்று பெயர் வாங்க துரைக்கு ஆசை. "குறை இருந்தால் வழக்குப் போடு. மரத்தின் வழக்கையும் கேட்போம்" என்றார்.

"எங்கே போடணும்?"

"கோர்ட்டில்."

"கோர்ட்டு எங்கே?"

"இன்னும் கட்டவில்லை. உன்னை வெட்டினால்தான் கட்ட முடியும்."

கிளையில் இருந்த காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. "நல்லா இருக்கு நியாயம்! தலையை வெட்டிட்டுத் தலைப்பாகைக்கு அளவெடுக்கிறாரு!"

மரம் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிக்கும்? ஆனால் வழக்குப் போடு என்று துரை சொன்னதை மறக்கவும் இல்லை. "காக்கா, என் பழம் ஒண்ணைப் பத்திரமா எடுத்து வை. கோர்ட்டு எழும்பினதும் என்னை அங்கே சேர்த்துடு" என்றது. அன்று சாயங்காலமே மரம் வெட்டுப்பட்டு விழுந்தது.

காக்கை ஒரு பழத்தை ஒரு வருஷம் தின்னாமல் வைத்திருந்தது அந்த ஒரு தடவைதான். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, வளைவு வளைவாகக் கோர்ட்டு எழும்பியது. பூச்சு காய்ந்ததும் காக்கை பழத்தை விழுங்கியது, மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்தது, செய்ய வேண்டியதைச் செய்தது. அப்புறம் ஒரு மழை போதுமானதாக இருந்தது.

வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி சவரிராயன் ஒருநாள் உள்ளே ஓடினான்.

"தொரே, மரம் வந்திருக்கு."

"எந்த மரம்?"

"நீங்க வெட்டின மரந்தான். வழக்குப் போட வந்திருக்காம்."

"எங்கே நிற்கிறது?"

"உங்க தலைக்கு மேலதான்."

துரை வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். சுவரில் இரண்டு இலையோடு நின்ற கன்று, "என் இடத்தைத் திருப்பிக் கொடும்" என்றது.

கொடுத்தால் கோர்ட்டை இடிக்க வேண்டும். மறுத்தால் சொன்ன சொல் போகும். பங்களாவில் கோழிக்குழம்பு வேறு ஆறிக்கொண்டிருந்தது. துரை அவசரமாக ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை குத்தினார்: "கூப்பிடும்வரை வாதி இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கலாம்."

மறுமாதமே கப்பலேறிப் போய்விட்டார். வழக்கைக் கூப்பிடவே இல்லை.

அடுத்து வந்த துரை கன்றை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். பத்தாம் நாள் அதே இடத்தில் மூன்று இலை.

"உன்னை வெட்டியாச்சே!" என்று அலறினான் சவரிராயன்.

"என்னை வெட்டினீங்க, சரி. உத்தரவை வெட்டலையே" என்றது கன்று.

காக்கைக்குக் கேட்க வேண்டுமா? துரைமார் மரம் வெட்டிக் கட்டடம் எழுப்பிய ஊரெல்லாம் பறந்து, அங்கங்கே இருந்த அரசமரங்களுக்கு இந்தச் சேதியைச் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்துதான் பழைய கோர்ட்டோ பங்களாவோ தபாலாபீஸோ, துரைமார் கட்டிய எதன் சுவரிலும் ஓர் அரசங்கன்று குடியிருக்கிறது. எத்தனை தடவை வெட்டினாலும், இன்னும் கூப்பிடவில்லை என்று மறுபடி துளிர்க்கிறது.