மரத்துப்போன இடம்

“இந்தக் கையைக் கெடுத்தவன் எவனோ, அவன் ஊசியைத் தொடவே லாயக்கில்லாதவன்.”

கொம்பையா சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. சின்ன ஊர் ஒன்றில் குடல்வாலும் குடலிறக்கமும் அறுத்தே தலை நரைத்துப்போன டாக்டர் அவர். டயாலிசிஸ் நோயாளிகளுக்கான ரத்தக்குழாய் வேலையைக் கற்றுக்கொள்ள, தன்னைவிட வயதில் இளையவரான டாக்டர் மெஹருன்னிசாவிடம் மாணவராக வந்து சேர்ந்திருந்தார். பெட்டியோடு முன்கோபமும் கூடவே வந்துவிட்டது.

கட்டிலில் இருந்தவர் சந்தியாகு. தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுகிறவர், நாற்பதைத் தொடாத வயது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தச் சிரையில் ஊசி குத்தித்தான் ரத்தம் மிஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். அந்தக் கைதான் அவருக்கு உயிர். ஒரே இடத்தில் குத்திக் குத்தி, இப்போது அந்த இடம் எலுமிச்சம்பழம் போல வீங்கி, தோல் மெலிந்து பளபளத்தது. வெடித்தால் ஆள் தேற மாட்டார்.

கொம்பையா அதிகம் யோசிக்கவில்லை. இதைக் கட்டி மூடிவிட்டு வேறு இடத்தில் புதிதாக ஒன்று போடலாம், அது தேறுகிறவரை டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் இருக்கட்டும் என்றார்.

மெஹருன்னிசா தோலில் குறி போடும் பேனாவை நீட்டினார்.

“எங்கே போடுவீங்க சார்? புள்ளி வைங்க.”

கொம்பையா முழங்கை மடிப்பில் வைத்தார்.

“அதுவும் கெட்டா?”

மேல்கையில் ஒன்று. பிறகு வலது மணிக்கட்டு, வலது முழங்கை, வலது மேல்கை. அப்புறம் தொடை. ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த அம்மா அதே கேள்வியைத்தான் கேட்டார். ஏலத்தில்கூட நாங்கள் இவ்வளவு இழுக்க மாட்டோம் என்று சந்தியாகு சிரித்தார்.

தொடைக்குப் பிறகு பேனா அந்தரத்தில் நின்றது.

“அப்புறம்?”

கொம்பையா பேனாவை மூடினார். சந்தியாகுவின் சிரிப்பும் போய்விட்டது.

மெஹருன்னிசா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் எல்லாப் புள்ளிகளையும் துடைத்தார். மணிக்கட்டின் பழைய தையல்மேல் கொம்பையாவை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே ரத்தம், மடியில் படுத்த பூனை மாதிரி குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

“இது செத்துப்போச்சா சார்?”

“இல்லை மேடம்.”

மறுநாள் வீங்கிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். நெளிந்து கிடந்த சிரையை இழுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தது கொம்பையாதான். ரத்தத்தை நிறுத்திவைத்திருந்த கவ்வியை விட்டதும் அந்தக் குறுகுறுப்பு திரும்பி வந்தது. முழங்கைக்குக் கீழே அதே சிரையில் ஊசியே படாத நீளம் மிச்சமிருந்தது. புண் ஆறும்வரை அங்கே குத்திக்கொள்ளலாம். கழுத்துக் குழாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

அப்படியும் கொம்பையாவுக்கு மனசு ஆறவில்லை. குத்தினவன் பெயரைச் சொல்லு, நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சந்தியாகுவை நெருக்கினார்.

சந்தியாகு போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தத் தம்பி பாவம் சார். வேற இடத்துலதான் குத்த வந்தான், நான் விடலை. இந்த இடம் மரத்துப்போச்சு, வலிக்காது. இங்கயே குத்து, இல்லன்னா எந்திரிச்சுப் போயிருவேன்னு சண்டை போட்டேன்.”

கொம்பையா மெஹருன்னிசாவின் பக்கம் திரும்பினார். கெடுத்தவரை இனி என்ன செய்வது மேடம் என்று மெல்லக் கேட்டார்.

மெஹருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு, சந்தியாகுவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

“இதுவரைக்கும் இடத்தைச் சொன்னது நீங்கதானே அண்ணாச்சி? இனியும் நீங்களே சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் வேற இடம். அந்தத் தம்பி மறந்தாலும் விடாதீங்க, அதே மாதிரி சண்டை போடுங்க. வலிக்கும். வலிச்சாலும் சொல்லுங்க.”