வெள்ளிப்பூச் சேணம்

ஊர்வலத்தில் தன்னைக் கீழே தள்ளிய குதிரையைச் சுடத் துப்பாக்கியோடு வந்துவிட்டார் ஜமீன்தார் சிவஞான பூபதி. லாயக்காரன் சடையன் குறுக்கே நின்றான்.

"மகாராசா, தப்பு குதிரை மேல இல்ல, புதுச் சேணத்து மேல."

"நான் உயரமாத் தெரியணும்னு செய்யச் சொன்ன சேணம்டா அது! குறையைக் காட்டு. இல்லேன்னா உனக்கும் இங்கே வேலை இல்லை."

சடையன் சேணத்தை நாற்காலியில் கவிழ்த்து வைத்தான். "வெத்தல போடுற நேரம் உட்காருங்க மகாராசா."

உட்கார்ந்தவர் அலறி எழுந்தார். வெள்ளிப்பூக்களைப் பதிக்க அடித்த ஆணிகளின் முனைகள் சேணத்தின் முன்பக்க அடியில் நீட்டிக்கொண்டிருந்தன.

"பின்பக்கம் உசந்த சேணம் உங்களை முன்னால சரிச்சிருச்சு. மொத்தக் கனமும் ஆணி மேலதான். அதோட மூணு மைல் சுமந்துச்சு, பாவம்."

வேலைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ரத்தம் கட்டிய அந்த முதுகைத் தடவக் கை நீட்டினார் ஜமீன்தார். குதிரை விலகிப் போய்ச் சடையனை ஒட்டி நின்றது.