முதல் தும்மல் ஒற்றைதான்

"நாயை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் சுவாமி" என்றார் தணிகாசலம்.

சொல்லி முடித்ததும் தும்மினார். ஆறு தும்மல்கள்.

அவர் காலடியில் படுத்திருந்த நாய் ஒவ்வொரு தும்மலுக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆறாவது முடிந்ததும் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது. பழகிய நாய்.

மௌனசாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் இருந்தது அவருடைய மடம். இளவயதில் நான்கு வருடம் பேசாமல் இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். விட்டுப்போன நான்கு வருடத்துக்கும் சேர்த்து இப்போது பேசுகிறார் என்று தணிகாசலம் வெளியில் சொல்வதுண்டு. இருவரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. இருவருக்கும் இப்போது ஐம்பத்து நான்கு வயது. நாலு பேர் இருக்கும்போது 'சுவாமி', 'நீங்கள்.' இல்லாதபோது வேறு.

தரிசனத்துக்கு வந்திருந்த கணவனும் மனைவியும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வெளிக்கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்பச் சொல்லுடா" என்றார் சாமி.

"டாக்டர் கடைசியாச் சொல்லிட்டாரு."

"என்னன்னு?"

"நாய் முடி, எச்சில், அது படுத்த பாய், எதுவுமே எனக்கு ஆகாதாம். போன மாசம் இழுப்பு வந்து நகமெல்லாம் நீலமாயிடுச்சு. இன்னொரு தடவை அப்படி வந்தா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காதுன்னாரு."

"அதுக்கு?"

"நாயை யார்கிட்டயாவது குடுத்துடணும். இல்லேன்னா படுக்கற ரூமுக்குள்ள அது காலெடுத்து வைக்கக் கூடாது. எந்நேரமும் கதவு சாத்தியிருக்கணும். இந்த ரெண்டுல ஒண்ணாவது செய்யணும்."

"சாத்தினியா?"

"சாத்தினேன். அழுவுது."

"எவ்வளவு நேரம் அழுவுது?"

"யாருக்குத் தெரியும்? அஞ்சு நிமிஷம்கூடத் தாங்காது எனக்கு. திறந்துடுவேன். நேரா கட்டில்ல ஏறி என் நெஞ்சுமேல தலையை வச்சுக்கும்."

"இழுக்கற நெஞ்சுமேலயா?"

"வேற நெஞ்சு ஏது எனக்கு?"

சாமி ஒரு காம்பை உருவி, வெறும் குச்சியை ஓரமாகப் போட்டார்.

"அப்ப குடுத்துட வேண்டியதுதானே. வாங்கிக்க ஆள் இல்லையா?"

"இருக்கே. எங்க அச்சகத்து முதலாளிக்குத் தென்னந்தோப்பு இருக்கு. எப்ப வேணாலும் கொண்டு வாங்கறாரு. நல்ல மனுஷன். நாயைப் பிடிச்சிக்கிட்டு நாலு தடவை புறப்பட்டேன்."

"புறப்பட்டு?"

"வாசல்படி தாண்டும்போது தும்மல்."

சாமி நிமிர்ந்தார்.

"எங்க வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? புறப்படும்போது ஒத்தைத் தும்மல் ஆகாது. மத்தவங்க உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பிடுவாங்க. எங்கப்பா அன்னிக்குப் பயணத்தையே விட்டுடுவாரு."

"உனக்கு எங்கடா ஒத்தைத் தும்மல்? இப்பவே ஆறு போட்டே."

"முதல் தும்மல் விழும்போது அது ஒத்தைதானே?"

சாமிக்குச் சிரிப்பு வந்து மடியிலிருந்த கீரை கொட்டியது. நாயும் எழுந்து வாலை ஆட்டியது. தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துபவர். மற்றவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"ஏண்டா, நாய் ஆகாதவன் நாயைக் கையில பிடிச்சிக்கிட்டு வாசல்படி தாண்டினா, தும்மாம வேற என்ன செய்வான்?"

"அது தெரியாதா எனக்கு? ஆனா நாலு தடவையும் சரியா வாசல்படிகிட்ட வருதே. விடாதேன்னு யாரோ தடுக்கற மாதிரி இல்லையா?"

"இன்னிக்கு இங்க புறப்பட்டியே, அப்ப?"

"அப்ப என்ன?"

"தும்மலையா?"

தணிகாசலம் யோசித்தார்.

"தும்மினேன்."

"அப்புறம் எப்படி வந்து சேர்ந்தே?"

"சாமியைப் பார்க்கப் போறதுக்குச் சகுனம் எதுக்குன்னு…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

சிந்திய கீரையைச் சாமி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"சரி. குடுக்க மனசில்ல" என்றார் தணிகாசலம். "சாகவும் மனசில்ல."

"ரெண்டுமே நியாயம்தான்."

"நியாயம்னு சொல்லவா உன்கிட்ட வந்தேன்? வழி சொல்லு."

"டாக்டரே சொல்லிட்டாரே. கதவைச் சாத்து."

"அதான் அழுவுதுங்கறேன். என்னை விட்டா அதுக்கு யாரும் கிடையாது. என்னைப் பார்க்காம ஒரு நாழி இருக்காது. வேணும்னா பாரு."

"பார்ப்போமே" என்றார் சாமி.

எழுந்து நாயின் கயிற்றை வாங்கினார். கூடத்தை ஒட்டி அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் அறை. கதவைத் திறந்ததும் எலி வாசனைக்கு நாய் தானாகவே உள்ளே போனது. சாமி கயிற்றை அவிழ்த்தார். தொட்டியிலிருந்து ஒரு சட்டி தண்ணீர் மொண்டு உள்ளே வைத்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

திரும்பி வந்து கீரையில் பாதியைத் தணிகாசலத்தின் பக்கம் தள்ளினார்.

"உருவு."

முதலில் முனகல். பிறகு குரைப்பு. பிறகு கதவின் கீழ்ப்பக்கத்தில் நகங்கள் பிறாண்டும் சத்தம்.

"கேட்டியா?"

"கேட்குது."

"திறந்து விடு."

"உருவு."

நாய் நீளமாக ஊளையிட்டது. தணிகாசலம் எழுந்தார்.

"உட்காரு."

உட்கார்ந்தார். கீரையைக் காம்போடு கிள்ளிப் பாத்திரத்தில் போட்டார். சாமி அந்தக் காம்புகளைத் தனியே எடுத்து வைத்தார்.

"கல்நெஞ்சன்டா நீ. பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். நான் வாத்தியார்கிட்ட அடி வாங்கறப்ப நீ பாட்டுக்குப் பொரிவிளங்காய் தின்னுக்கிட்டிருந்தே."

"நல்லா இருந்துது அது. உருவு."

ஊளை மறுபடி முனகலானது. முனகல் விட்டுவிட்டு வந்தது. தணிகாசலம் இரண்டாம் முறை எழுந்தார். சாமி அவரைப் பார்க்காமலே பாயைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தார்.

பிறகு அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கீரைக்கட்டில் பாதிதான் முடிந்திருந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் தணிகாசலம்.

சாமி உருவினார்.

"உள்ளே காத்து வருமா?"

"ஜன்னல் இருக்கு."

"பூச்சி பொட்டு ஏதாவது இருந்தா?"

"அரிசிதான் இருக்கு."

"அது இப்படிச் சும்மா இருக்காதே. நெஞ்சு வெடிச்சிருந்தா?"

"வெடிச்சா கேட்கும்."

தணிகாசலம் மூன்றாம் முறை எழுந்தார். இந்தத் தடவை சாமி தடுக்கவில்லை.

அவர் கூடத்தைக் கடந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நாய் ஒரு காலி சாக்கின்மேல் சுருண்டிருந்தது. ஒரு முன்னங்கால் மூக்கின்மேல் கிடந்தது. வயிறு சீராக ஏறி இறங்கியது. சட்டியில் தண்ணீர் பாதிக்குமேல் குறைந்திருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"செவலை" என்றார் மெதுவாக.

நாயின் காதுகூட அசையவில்லை.

கதவருகே வந்தார். பலகையில் காதை வைத்துக் கேட்டார். ஒரு கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது. மற்றொரு கையின் நகம் கதவை மெல்லச் சுரண்டியது.

"செவலை… ஏய், செவலை… நான் இங்கேதான் இருக்கேன். அழாதே."

சாமி கீரைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து அடுப்படிக்குப் போனார். இரண்டடி போய் நின்றார்.

"அது எப்பவோ தூங்கிடுச்சு. இப்பக் கதவைப் பிறாண்டறது யாருன்னு பார்த்துச் சொல்லு."

தணிகாசலம் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.