தெப்பத்தில் பாடிய பன்னிருவர்

செவ்வாழைநாட்டு ராஜா வில்லவராயருக்கு இசை விழா என்றால் உயிர். அரண்மனைக் குளத்தை முட்ட முட்ட நிரப்பி, நடுவில் தெப்பத்தை மிதக்கவிட்டு, அதில் பாடகர், வாத்தியக்காரர் என்று பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார். குளம் நிறைய வேண்டுமானால் மதகை மூட வேண்டும். மூடினால் கீழ்மடை ஊருக்குத் தண்ணீர் கிடையாது. அங்கேயோ நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் நாலு நாள் காய்ந்தால் அத்தனையும் பதர்.

சேதி பாடகர்களுக்கும் எட்டியது. பன்னிரண்டு பேரும் காதில் காய்ந்த நெற்கதிரைச் செருகிக்கொண்டு தெப்பமேறினார்கள். பாட்டுக்குப் பாட்டு, "கீழ்மடைக்குத் தண்ணீர் விடு!" என்று கையை உயர்த்தினார்கள். கரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. மறுநாள் கடைத்தெருவில் கதிர் இல்லாத காதே இல்லை!

ராஜாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அரசவை விகடகவி இன்பவல்லியைக் கூப்பிட்டார்.

"இவங்க நிஜமா கேக்கறாங்களா, கைதட்டலுக்குக் கேக்கறாங்களா?"

"கூட்டத்தை வச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்றது, மகாராஜா?"

"கண்டுபிடி. மதகுல தண்ணி பாயறதுக்குப் பன்னிரண்டு கண். எத்தனை பேர் நிஜமோ அத்தனை கண்ணைத் திறக்கறேன். ஒருத்தரும் தேறலேன்னா எல்லாரும் சிறைக்கு!"

விடிந்ததும், அன்றைய கச்சேரிக்காகத் தெப்பமேறியிருந்தவர்களிடம் இன்பவல்லி பரிசலில் போனாள்.

"பெரியவங்களே, நீங்க மிதக்கறதே கீழ்மடைத் தண்ணியிலதான். இறங்கி வந்து படிக்கட்டுல உக்காந்து பாடுங்க. குளமே வேண்டாம், மதகைத் திறந்துடலாம்."

தலைமைப் பாடகர் சௌந்தரநாதர் கனைத்தார். "அம்மணி, எங்க ஆதரவு பரிபூரணமா உண்டு. ஆனா தண்ணி மேல பாடினாத்தான் குரல் கணீர்னு கேக்கும்."

"படிக்கட்டுல உக்காந்தா பின்வரிசைக்கு எங்க முகம் எப்படித் தெரியும்?" என்றார் வீணைக்காரர்.

"விழா முடியட்டும். கீழ்மடை மேல நானே ஒரு கீர்த்தனை பண்றேன்," என்றார் இன்னொருவர், உருகிப்போய்.

கஞ்சிரா வாசிக்கும் தாயம்மை மட்டும் எழுந்தாள். "வழி விடுங்கய்யா." பரிசலில் தாவியபோது காதிலிருந்த கதிர் தண்ணீரில் விழுந்தது. அவள் அதைத் தேடவில்லை.

சேதி கேட்ட ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பன்னிரண்டுக்கு ஒண்ணு! போ, ஒரே ஒரு கண்ணைத் திற. மத்ததைத் தொடாதே!"

"உத்தரவு," என்று ஓடினாள் இன்பவல்லி.

அன்று பகல் முழுக்கக் கச்சேரி. தெப்பத்தில் பதினொருவரும் கண்ணை மூடிப் பாடினார்கள். திறந்தபோதெல்லாம் கூட்டத்தைப் பார்த்தார்கள். குளத்தை யார் பார்த்தார்கள்? தண்ணீர் படிப்படியாக இறங்கியது. பொழுது சாயும் வேளை, தெப்பம் 'சொத்'தென்று சேற்றில் உட்கார்ந்தது.

ராஜா துள்ளி எழுந்தார். "ஏய்! ஒரு கண்ணைத்தானே திறக்கச் சொன்னேன்?"

"ஒண்ணுதான் திறந்தேன், மகாராஜா. எப்ப மூடணும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

பதில் சொல்ல ராஜா வாயெடுப்பதற்குள் குளத்திலிருந்து பெருங்கூச்சல். சுற்றிலும் இடுப்பளவு சேறு. பரிசல் வராது, பட்டு வேட்டியோடு இறங்கவும் முடியாது. பதினொருவரும் கையை உயர்த்தி அலறினார்கள்: "தண்ணீர் விடு! தண்ணீர் விடு!"

"கச்சேரிதான் முடிஞ்சுதே, இன்னும் என்ன கோஷம்?"

"இது கோஷம் இல்ல, மகாராஜா," என்றாள் இன்பவல்லி. "இப்பத்தான் மனசாரக் கேக்கறாங்க."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மூக்கில் வந்து நின்றது. சிரித்து முடித்தபோது, மதகை மூடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.