ரேஸ் இறங்காத வண்டி

"மூணு மாசமாச்சு அம்மணி. ஊரார் வண்டிக்கெல்லாம் பிளக்கு கழட்டி மாட்டிட்டேன். என் வண்டியை எப்பத்தான் தொட விடுவீங்க?"

நாச்சிமுத்து கேட்டார். விசாலம் வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது.

இதில் குரு யார், சிஷ்யர் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழம்ப வேண்டாம். குரு விசாலத்துக்கு முப்பத்தெட்டு வயது. காரமடையில் கார் பட்டறை வைத்திருந்தாள். சிஷ்யர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. சிறுமுகையில் மளிகைக்கடை நடத்தியவர், கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து கை நிறைய கிரீஸ் அப்பிக்கொண்டு நின்றார். மனுசனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றது ஊர். ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும்.

மூலையில் அவருடைய பழைய வெள்ளைக் கார் நின்றது. மகன் தரணி ஓட்டிய கார். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பாறையில் மோதினான். எட்டு மாதம் ஆகிறது. இருபத்தாறு வயசுப் பிள்ளை.

நசுங்கின கதவை மாற்றியாகிவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்டார்ட் செய்து சூடேறினால் போதும், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே ரேஸ் ஏறிக் கத்தும்.

"போன இடத்துலயெல்லாம் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக் குறைச்சுத் தந்தாங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மறுபடி ஏறிக்குது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

விசாலம் அன்றைக்கு அந்த வண்டியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஓரமா நிறுத்துங்கண்ணா. அந்த ஸ்க்ரூவை மட்டும் தொடாதீங்க. வேலையைக் கத்துக்குங்க. அப்புறம் நீங்களே பாருங்க."

சோதிக்கிறாள் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். கதைகளில் வரும் குருமார்கள் தண்ணீர் சுமக்க வைப்பார்கள், விறகு பிளக்க வைப்பார்கள். இவள் பிளக்கு கழட்ட வைக்கிறாள், அவ்வளவுதானே. பொறுத்துக்கொண்டார்.

வீட்டில்தான் பொறுக்க முடியவில்லை.

மனைவி துளசிமணி தினமும் மகன் படத்தின் முன்னால் நின்று திட்டினாள். "வேகமாப் போகாத, வேகமாப் போகாதன்னு அடிச்சுக்கிட்டனே, கேட்டியாடா பாவி?" படத்துக்கு ஒரு முழம் பூ வைத்ததில்லை. பையன் வேகமாக வந்திருப்பான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் நம்பிவிட்டாள். செத்த பிள்ளைமேல் பெத்தவளே கோபமாக இருக்கிற வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும்?

விசாலம் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். பழைய துணியில் கையைத் துடைத்தாள். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சரி. ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் ஓடியது. சூடாகச் சூடாக ரேஸ் ஏறியது.

"என்ன தெரியுது?"

"கத்துது."

"அது ரோட்டுல போறவங்களுக்கும் தெரியுமே. ஏன் கத்துது?"

"ஸ்க்ரூ ஏறி..."

"ஸ்க்ரூவை விடுங்கண்ணா!"

அவள் இப்படிச் சத்தம் போட்டு அவர் கேட்டதில்லை. பானட்டுக்குள் குனிந்தார். ஆக்சிலேட்டர் கேபிளை ஆட்டிப் பார்த்தார். எங்கும் சிக்காமல் தளர்வாகத்தான் இருந்தது. சோக்கும் முழுசாக விட்டிருந்தது.

"அப்போ வேற எங்கியோ காத்து உள்ள போகுது" என்றார்.

"எங்க?"

"தெரியலைங்க."

மூடியில் ஓட்டை போட்ட ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

"ஜாயிண்ட் ஜாயிண்டா தண்ணி விடுங்க. காத்து இழுக்கிற ஓட்டையில தண்ணி விழுந்தா கொஞ்ச நேரம் அடைச்சுக்கும். சத்தம் மாறும். கண்ணை நம்பாதீங்க. காதால கேளுங்க."

கார்புரேட்டர் அடியில் விட்டார். மாறவில்லை. அடுத்த ஜாயிண்டில் விட்டார். ஆவிதான் பறந்தது. அதற்கும் பின்னால், விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஓஸ். அதன் கிளிப்பு ஓரத்தில் விட்டார்.

கத்தல் சட்டென்று தணிந்தது. மறுபடி ஏறியது.

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். எஞ்சின் அடங்கி நிதானமாக ஓடியது. விரலை எடுத்தார், கத்தியது.

"கெடச்சிருச்சு அம்மணி! கெடச்சிருச்சு!"

எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார், பாவம்.

விசாலம் சிரிக்கவில்லை.

"அந்த ஓஸ் எங்க போகுது, பாருங்க."

விரலை ஓஸின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். அது பின்பக்கம் ஒரு கறுப்பு வட்டப் பெட்டியில் போய் முடிந்தது. மூணு மாதம் முன்னால் என்றால் அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"பிரேக் பூஸ்டர்" என்றார். பிரேக் மிதிக்கிற காலுக்குப் பலம் சேர்க்கிற பெட்டி. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

விசாலம் எஞ்சினை அணைத்தாள்.

"ஓஸ்ல ஓட்டை இருந்தா பிரேக் என்ன ஆகும் அம்மணி?"

"சூடாகச் சூடாக ஓட்டை விரியும். பெடல் கல்லாட்டம் ஆயிரும். ஏறி மிதிச்சாலும் வண்டி நிக்காதுங்க."

"அப்போ இந்த ரேஸ்..."

"அந்த ஓட்டையாலதானுங்க. ஸ்க்ரூவைக் குறைச்சா சத்தம்தான் குறையும்."

நாச்சிமுத்து கீழே கிடந்த டயரில் உட்கார்ந்தார். பிறகு யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"ஆயுத பூஜை அன்னைக்கு மத்தியானம் கோத்தகிரியிலிருந்து போன் பண்ணினான் அம்மணி. 'ரேஸ் ஏறிக் கத்துதுப்பா, வண்டியை இங்கியே விட்டுட்டு பஸ்ல வந்துரட்டுமா'ன்னு கேட்டான். பூஜை நாளும் அதுவுமா வண்டி வாசல்ல இல்லாம எப்படின்னு எனக்கு. சந்தனம் கரைச்சு வெச்சாச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கியாச்சு. 'ஸ்க்ரூவைக் குறைச்சுட்டு ஓட்டிட்டு வாடா'ன்னு நான்தான் சொன்னேன். சரிப்பான்னான்."

கையிலிருந்த கிரீஸை டயரில் தேய்த்தார்.

"துளசிக்கு இந்த போன் விஷயம் தெரியாது. அவ அவனைத் திட்டுறா. நான் பக்கத்துலயே நின்னு கேட்டுட்டிருக்கேன்."

விசாலம் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். குரு தரையில், சிஷ்யர் டயர்மேல்.

"அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்க பையன் இங்க வந்திருந்தாருங்கண்ணா."

நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

"இதே ரேஸ்தான் சொன்னாரு. டூல்ஸெல்லாம் கழுவி, பொட்டு வெச்சு, பூஜைக்கு அடுக்கியாச்சு. பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாதேன்னு எனக்கு. ஓஸைக் கழட்டிப் பார்க்க அஞ்சு நிமிசம்தான் ஆகியிருக்கும். பார்க்கலை. பூசணிக்காய் வெட்ட வெச்சிருந்த கத்தியில ஸ்க்ரூவைத் திருகிவிட்டு, 'பூஜை முடிஞ்சு வாங்க தம்பி'ன்னு அனுப்பிட்டேன்."

விசாலம் வெள்ளைக் காரைக் காட்டினாள்.

"உங்க வண்டி பட்டறைக்குள்ள வந்தப்பவே அது அந்தத் தம்பி வண்டின்னு தெரியும். உங்களை நான் சோதிக்கலீங்க. சொல்றதுக்குப் பயந்துட்டு மூணு மாசம் ஓட்டிட்டேன்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா! எழுந்தார். பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

"எம் பிள்ளையைக் கொன்னுட்டு எனக்கே வேலை சொல்லிக் குடுத்தியா?"

"ஆமாங்க" என்றாள். தலையைக் கூடக் குனியவில்லை.

இன்னும் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் திருகியதும் அந்த ஸ்க்ரூதான், அவர் திருகச் சொன்னதும் அந்த ஸ்க்ரூதான். அவளைத் திட்டுகிற ஒவ்வொரு சொல்லும் தன்னையும் திட்டியது. மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள்.

அழுது முடித்ததும் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அம்மணி. அவன் வேகமா வந்தானா?"

"பிரேக் புடிக்காத வண்டி இறக்கத்துல வேகமாத்தானுங்க வரும். அது அவரு ஓட்டின வேகம் இல்லீங்கண்ணா."

நாச்சிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போகணும்" என்றார்.

"நானும் வரேன்."

"அவ ரெண்டு பேரையும் கிழிச்சுத் தோரணம் கட்டிருவா."

"கட்டட்டுங்க."

காலை பதினோரு மணிக்குப் பட்டறை ஷட்டரை இறக்கினார்கள். அந்த வண்டியில் எப்படிப் போவது? பஸ் பிடித்துப் போனார்கள்.

துளசிமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அகாலத்தில் வந்த புருசனையும், கூட நின்ற பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாச்சிமுத்து உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பையன் வேகமாக வரவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்றார். பிறகு ஓஸைச் சொன்னார், போனைச் சொன்னார், நான்தான் வரச் சொன்னேன் என்றார். விசாலம் தன் பங்கைச் சொன்னாள், கத்தி வரைக்கும். ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு இருவரும் அடி வாங்கத் தயாராக நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

துளசிமணி போனைப் பற்றிக் கேட்கவில்லை. கத்தியைப் பற்றியும் கேட்கவில்லை. அவள் கண் மகன் படத்தில் இருந்தது.

"மொதல்ல சொன்னீங்களே" என்றாள். "அதை இன்னொருக்காச் சொல்லுங்க."