வெற்றிலைக்கொடிக்கு ஒரு ஸ்டாண்டு

“ஆடுதுய்யா,” என்றாள் ஆவுடையம்மாள்.

செடி வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. மணி பிளான்ட் இலையில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எது ஆடுது?”

“ஸ்டாண்டுதான். நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். தொட்டிய வச்சா ஒரு பக்கம் தூக்குது. ஒரு காலு நெட்டையாப் போச்சு போல. வெட்டிரட்டா?”

வாத்தியார் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

பதில் வரவில்லை என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நாமெல்லாம் அப்படித்தானே.

வாத்தியார் என்றதும் தாடியும் காவியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கு நாற்பது வயது. அரை டவுசர். தரைத்தளத்தில் தனியாக இருந்தார், கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. குப்பைக்குப் போகிற கட்டைகளை எடுத்து வந்து வீட்டுச் செடிகளுக்கு ஸ்டாண்டு செய்வார். கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அதனால் அந்த அடுக்குமாடியில் அவருக்கு அந்தப் பேர்.

அவருக்கும் வாய் இருந்தது. செலவு பண்ண மாட்டார், அவ்வளவுதான்.

ஆவுடையம்மாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஐந்தாவது மாடி, மகன் வீடு. புருஷன் போன பிறகு சங்கரன்கோவில் பக்கம் இருந்த தன் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்தவள். திரும்பிப் போக இடமில்லை. வரும்போது ஒரு பெட்டியும், கொல்லையில் கிள்ளிய வெற்றிலைக்கொடி ஒரு முழமும் கொண்டுவந்தாள்.

கொடி பட்டணத்தில் பிழைத்துக்கொண்டது. அவளைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

தொட்டியைத் தரையில் வைத்தால் வட்டமாகக் கறை விழுந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தாள். ஒருநாள் அது சாய்ந்து மண்ணெல்லாம் கொட்டிப் போனது.

“பரவாயில்ல அத்தை,” என்றாள் மருமகள் ஷர்மிளா. நல்ல பெண். குரலை உயர்த்தவே மாட்டாள். கஷ்டமே அதுதான்.

“பேசாம அத வாட்ச்மேன்கிட்டக் குடுத்திரேம்மா,” என்றான் மகன் நாயகம். “இன்னொரு தடவ விழுந்துச்சுன்னா நானே குடுத்திருவேன்.”

அதனால்தான் ஆவுடையம்மாள் வாத்தியாரைத் தேடி வந்தாள்.

ஸ்டாண்டு செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு சட்டம். நடுவில் இரண்டையும் பாதி ஆழத்துக்கு வெட்டி, கூட்டல் குறி மாதிரி ஒன்றுக்குள் ஒன்றை உட்கார வைக்க வேண்டும். நாலு முனையிலும் நாலு கால். அவ்வளவுதான், தொட்டி உட்கார்ந்துகொள்ளும். வாஷிங் மெஷின் வந்த மரச்சட்டத்தில் அவள் இரண்டே நாளில் செய்துவிட்டாள். கை விரலெல்லாம் சிராய்ப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசுக்கு நல்லா இருந்தது.

வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். ஆடியது.

*

“இப்ப அந்தப் பக்கம் ஆடுது,” என்று மறுபடி வந்தாள்.

“எது ஆடுது?”

“காலுதான்யா. பெறவு என்ன, நானா ஆடுதேன்?”

வாத்தியார் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

“ஒண்ண வெட்டுனா இன்னொண்ணு ஒசருது. நூல் பிடிச்சு நாலையும் ஒண்ணாக்கிட்டேன். அப்பவும் ஆடுது. என் கண்ணுல கோளாறோ என்னவோ.”

“எத்தனை தடவை வெட்டினீங்க?”

“யாரு எண்ணுனா.”

அவர் மண்ணைக் கிளறப் போய்விட்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு லிப்டில் ஏறினாள்.

*

அடுத்த முறை அவள் கேள்வியோடு வரவில்லை. வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“முழங்கால் ஒசரம் இருந்துச்சு,” என்றாள். “இப்பக் கணுக்காலுக்கு வந்திருச்சு. இன்னும் ஆடுது.”

வாத்தியார் துணியைப் பிழிந்தார்.

“எனக்கு விடியக்காலையில முழிப்பு வந்துரும். எந்திரிச்சா சத்தம் கேக்கும்னு படுத்தே கெடக்கேன். ரேடியோ வைக்கிறதில்ல. தங்கச்சிகிட்டப் போன்ல பேசுனா, ‘ஏம்மா கத்துத’ங்கான் மகன். அதயும் விட்டுட்டேன். அவுக ரெண்டு பேரும் வாறதுக்கு முன்னாடியே சாப்பிட்டு, என் ரூமுக்குள்ள போயிருதேன். பேசிக்கிட்டுச் சாப்பிடட்டும்னு.”

அவள் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சில நாளு வாயத் தொறக்காமலே பொழுது போயிருது. ராத்திரி அவன் ஏதும் கேட்டாப் பதில் சொல்ல வாயத் தொறப்பேன். கரகரன்னு வேற யாரு குரலோ வரும். அவங்க என்னய்யா தப்பு செய்தாங்க? ஒண்ணும் செய்யல. எனக்குத்தான் அங்கன எப்படி இருக்கணும்னு தெரியல.”

வெளியே லிப்ட் ஏறி இறங்கியது.

“இன்னும் எவ்வளவுய்யா வெட்டணும்? அதச் சொல்லுங்க. வெட்டிருதேன்.”

வாத்தியார் துணியைக் கீழே வைத்தார். “அதை இங்க கொண்டு வாங்க.”

*

கொண்டு வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. உட்கார்கிற மணை அளவுக்குக் குட்டையாகியிருந்தது.

வாத்தியார் அதை வாங்கித் தன் வீட்டுத் தரையில் வைத்தார்.

“அமுக்குங்க.”

அவள் ஒரு மூலையை அமுக்கினாள். ஆடவில்லை. எதிர் மூலையை அமுக்கினாள். ஆடவில்லை. தூக்கி ஜன்னல் பக்கம் வைத்தாள், வாசல் பக்கம் வைத்தாள். நாலு காலும் நச்சென்று நின்றன.

“இது என்ன கூத்து,” என்றாள்.

“நாலும் சரியா இருக்கு. முதல் நாளே சரியாத்தான் இருந்திருக்கும்.”

“அப்ப வீட்டுல மட்டும் ஏன் ஆடுது?”

“எங்க வெச்சீங்க?”

“பிரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவுல. யாருக்கும் எடைஞ்சல் இல்லாம.”

“அங்க தரை எப்படி?”

ஆவுடையம்மாள் குட்டைக் கால் ஒன்றைத் தடவிப் பார்த்தாள்.

அந்த இடத்தில் ஒரு டைல்ஸ் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். தினமும் துடைக்கும்போது கையில் படும். படுகிறதென்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் தெரியும்.

“அது என் மகன் வீட்டுத் தரைய்யா.”

“தெரியும்மா.”

“ஆசை ஆசையாப் பாத்துப் போட்டிருக்கான்.”

“சரி.”

“அதுல கோணல் இருக்கும்னு நான் எப்படிய்யா நெனைப்பேன்?”

அழுதாள். புருஷன் காரியம் முடிந்த அன்றைக்குக் கூட அவள் இப்படி அழுததில்லை. வாத்தியார் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அப்புறம் சுத்தியலை எடுத்து, ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு, அந்தக் குட்டைக் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். தன் கட்டைக் குவியலில் தேடி நாலு நீளக் கட்டை எடுத்தார். அளந்தார், அறுத்தார், ஆணி அடித்தார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அடியில அட்டைய மடிச்சு அண்டக் குடுத்தா அந்த மூலையிலயே நிக்காதா?”

“நிக்கும்.”

“அப்ப குடுத்துக்கிடட்டா?”

“அந்த மூலையில வெளிச்சம் வருமா?”

“வராது. கொடி வெளுத்துதான் கெடக்கு.”

வாத்தியார் ஸ்டாண்டை நிமிர்த்தி அவள் கையில் கொடுத்தார். முழங்காலுக்கும் ஒரு விரல் மேலேயே இருந்தது.

“எங்கனய்யா வைக்க?”

“எங்க ஆடாம நிக்குதோ அங்க.”

*

அவள் வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பால்கனியில் தரை சரிவாக இருந்தது. அவள் அறையில் கட்டிலும் பீரோவும் போக இடமில்லை. டிவி ஓரத்தில் வயர்கள். கடைசியில் கூடத்தில், சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் இடையில் வைத்துப் பார்த்தாள்.

நின்றது.

ஜன்னல் வெளிச்சம் கொடியின் மேல் விழுந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தாள்.

நாயகம் ஆபீஸ் பையோடு உள்ளே வந்தான். பை தொட்டியில் உரசியது.

“என்னம்மா இது, நட்ட நடு வீட்டுல?”

பின்னாலேயே வந்த ஷர்மிளாவும் எட்டிப் பார்த்தாள்.

ஆவுடையம்மாளின் கை தானாகத் தொட்டியைத் தூக்கப் போனது. வழக்கம் அப்படி. விளிம்பைப் பிடித்தும்விட்டாள். பிடித்த கையால் தொட்டியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாள்.

“இங்கனதான் ஆடாம நிக்குது,” என்றாள்.

“அதுக்கு? நாங்க நடக்க வேணாமா?”

“சுத்திப் போய்யா.”