வாரிசுப் பங்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள் செவந்தி. மேனேஜர் பங்களாவின் ஸ்ட்ராபெரிக் கொடி ஒன்று வேலிக்கடியில் நுழைந்து அவள் வாசலில் வேர்விட்டது. அவள் சாணம் போட்டு, நத்தை பொறுக்கி, ஒரே வருஷத்தில் அதை நாலு பாத்தியாக்கினாள். ஜாம் காய்ச்சச் சர்க்கரையும் வாங்கிவைத்தாள்.

பழம் சிவந்ததும் மேனேஜர் சொக்கலிங்கம் வந்து நின்றார்.

"செடி என்னுது. வேலி தாண்டி எங்க முளைச்சாலும் அதோட வாரிசு எனக்குத்தான். ஞாயித்துக்கிழமை விருந்துக்கு எல்லாத்தையும் பறிச்சுக் கொண்டா."

"சரிங்க துரை," என்றாள் செவந்தி.

ஞாயிறன்று மேனேஜர் விருந்தாளிகளிடம், காலடியில் படுத்திருந்த தன் ஜாதி நாயின் வம்சப் பெருமையை அளந்துகொண்டிருந்தார். செவந்தி இரண்டு கூடைகளை இறக்கினாள். ஒன்றில் பழம். மற்றதிலிருந்து, அந்த நாயின் அதே மூஞ்சியோடு, ஐந்து குட்டிகள் எட்டிப் பார்த்தன.

"என்ன இது?"

"எங்க வீட்டு நாய் போட்டதுங்க. தகப்பன் இவருதான். வேலி தாண்டினாலும் வாரிசு உங்களுக்குன்னு சொன்னீங்களே."

விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"எந்த வாசல்ல வளருதோ, அந்த வாசலுக்குத்தான் சொந்தம்."

"பழத்துக்கும் சேர்த்துங்களா?"

"அதுக்கும்தான்."

அன்று சாயங்காலம் செவந்தி வீட்டில் சுடச்சுட ஜாம் தடவிய ரொட்டி. பங்களா விருந்தில் பிஸ்கட் கொடுத்தார்கள்.